ஊரைச் சொல்லலாம், தெருவைச் சொல்லக் கூடாதா?

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலை, எங்கள் அண்ணி பறித்த கத்தரிக்காயை இரண்டு சிறு மூட்டையாகக் கட்டி, என் வண்டியில் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல் ஒன்றின் பின்வாசலில் போய் நின்றோம். சரக்கு மாஸ்டர் வந்தார். சாம்பார், பொரியல், கூட்டு என்று மதியச் சாப்பாட்டுக்கே பொறுப்பானவரை ஓட்டலில் அப்படித்தான் அழைப்பார்கள். ஒரு காயை எடுத்தார். காம்பைப் பார்த்தார். நடுவில் பிளந்து பார்த்தார். சொத்தை இல்லை, விதை முற்றவில்லை. "எங்க கடைக்காரர் அனுப்புறது முந்தாநாள் பறிச்சதா இருக்கும். இது ராத்திரி பறிச்சது மாதிரி இருக்கு" என்றார். "விடியக்காலம் நாலு மணிக்குப் பறிச்சது" என்றார் அண்ணி.

விலை பேசி முடிந்தது. உள்ளே முதலாளியிடம் போவதற்கு முன்னால் மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, எந்த ஊர்னு கேட்டாச் சொல்லுங்க. தெருவ மட்டும் சொல்லிடாதீங்க."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் பேசுவதைக் கேட்டே கண்டுபிடித்திருப்பார். பிறகொரு நாள் அவரே சொன்னார்: அவரும் பக்கத்துத் தாலுக்காவில் ஒரு காலனிக்காரர்தான். பதினொரு வருடமாக அந்த அடுப்படியில் நிற்கிறார். முதலாளி கேட்டதில்லை, இவர் சொன்னதில்லை. தினம் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, 'சாம்பார் பிரமாதம்' என்று சொல்லிப் போகிறார்கள்.

உழவரும் சமையல்காரரும் கடைக்காரரும் நேரடியாகக் கைகோக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது பல மேடைகளில் கேட்கிறது. பெருநகரங்களில் சில உணவகங்கள் 'இன்றைய கீரை இன்னாருடைய தோட்டத்திலிருந்து' என்று பலகையே வைக்கின்றன. நல்ல காரியம்தான். இடைத்தரகு குறைகிறது, காய் வாடாமல் வருகிறது, உழவருக்கு இரண்டு காசு கூடக் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பலகையில் யாருடைய பெயரைத் தயங்காமல் எழுத முடியும்? அதை எழுதிய பிறகும் எத்தனை பேர் அந்தக் கீரையைத் தொடுவார்கள்?

என் அப்பா வாரத்துக்கு உழுதவர். கடைசிவரை கமிஷன் மண்டியைத் தவிர வேறு எங்கும் காய் போட மாட்டார். மண்டியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் கமிஷன் பிடிப்பார்கள். இறக்குக்கூலி தனி. சாம்பிள் என்று ஆளாளுக்கு இரண்டு காய் எடுப்பார்கள். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியிருந்தால், அது தீரும்வரை வேறு மண்டிக்குப் போகவும் முடியாது. இவ்வளவும் தெரிந்துதான் போனார். ஏன் என்று கல்லூரிக் காலத்தில் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். "அங்க கொட்டிட்டா அது அம்பாரம். யார் காயின்னு எவனுக்கும் தெரியாது" என்பார். அம்பாரத்துக்குச் சாதி கிடையாது. அந்த ஒரு வசதிக்காக நூற்றுக்குப் பத்தை அவர் வரி மாதிரி கட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது.

பால் இதைவிடத் தெளிவான உதாரணம். எங்கள் தெருவில் கறவை மாடு வைத்திருந்தவர்கள், ஊர்த்தெருவில் யார் வீட்டுக்கும் பால் ஊற்றியதில்லை. டவுனிலிருந்து சைக்கிளில் வரும் பால்காரர் மொத்தமாக வாங்கிப் போவார். மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் அது வெறும் பால் ஆகிவிடும். டவுனுக்குக் காப்பி குடிக்கப் போகும் எங்கள் ஊர்க்காரர்கள் அதைத்தான் குடித்திருப்பார்கள்.

இது எங்கள் ஊர்க்கதை மட்டுமல்ல. 11 மாநிலங்களில் 565 ஊர்களில் நடத்திய கள ஆய்வின் அடிப்படையில், கன்ஷ்யாம் ஷா, சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் 'ஊரக இந்தியாவில் தீண்டாமை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 2006இல் வெளிவந்தது. தலித் உற்பத்தியாளர்கள் உள்ளூர்ச் சந்தையில் தங்கள் பொருளை விற்க முடியாத நிலை மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஊர்களில் இருந்ததை அது பதிவு செய்தது. கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியாத ஊர்கள் ஏறக்குறைய பாதி. கூட்டுறவு என்ற பெயரை வைத்துக்கொண்டே இந்த நிலை.

சட்டம் இதைக் குற்றம் என்கிறது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்ற சொல்லுக்கு விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினரோடு வணிகம் செய்ய மறுப்பதும் அதில் அடங்கும். அப்படிப் புறக்கணிப்பதும், புறக்கணிப்பேன் என மிரட்டுவதும் தண்டனைக்குரியவை. ஆனால் 'காய் சரியில்லை, வேண்டாம்' என்று ஒரு கடைக்காரர் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை எந்தக் காவல் நிலையத்தில் நிரூபிப்பது? வழக்கு போட ஒரு சட்டம் கையில் இருப்பது தைரியம்தான். அதை வைத்து மறுநாள் காயை விற்க முடியாது.

உழவர் சந்தையும் ஒரு விடிவுதான், மறுக்கவில்லை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது நான் மாணவி. கமிஷன் இல்லை, கடை வாடகை இல்லை, தராசு அரசு தரும். மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் ஒரு விலையைக் காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள். பேரம் பேசிச் சிறுமைப்படுத்த வழியில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைநிமிர்ந்து உட்கார்ந்து வியாபாரம் செய்த முதல் இடம் அது. ஆனால் உள்ளே உட்கார அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குச் சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று என்று கேட்பார்கள். வாய்மொழிக் குத்தகையில் நாற்பது சென்ட் பயிர் செய்யும் என் அண்ணி எதைக் காட்டுவார்? நிலத்துக்காரர் எழுதித் தந்தால் உண்டு. எழுதித் தந்தால் குத்தகை உரிமை வந்துவிடுமோ என்ற பயத்தில் அவர்கள் எழுதித் தருவதில்லை.

ஆக, கேள்வி நிலத்துக்குப் போய்விடுகிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையும் நமக்குத் தந்த பஞ்சமி நிலத்தின் கதையை இந்தப் பகுதியின் வாசகர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. ஐந்தில் ஒரு பங்கு நிலம் நம்மிடம் இருக்கிறதா என்று நீங்களே உங்கள் ஊர் வரப்பில் நின்று பார்த்துக்கொள்ளலாம். நிலமற்ற பட்டியல் சாதிப் பெண்கள் நிலம் வாங்கத் தாட்கோ மூலம் 'நன்னிலம்' என்ற திட்டம் இருக்கிறது. பாதி மானியம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய். விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

ஜஹீராபாத் பெண்கள்

நிலம், அடுப்பு, கடை மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிய தலித் பெண்கள் இருக்கிறார்கள். நமக்கு வடக்கே, தெலங்கானாவில். ஹைதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் நூறு கிலோமீட்டர் போனால் ஜஹீராபாத். செம்மண், கல், வானம் பார்த்த பூமி. 1983இல் அங்கே தொடங்கப்பட்ட தக்காண மேம்பாட்டுச் சங்கம் பஸ்தாபூரை மையமாகக் கொண்டு, கிராமம் கிராமமாகப் பெண்கள் சங்கங்களைக் கட்டியது. சங்கத்துப் பெண்களில் பெரும்பாலானவர்கள் தலித்துகள், கூலிக்குப் போனவர்கள். நிலம் வைத்திருந்தவர்களிடமும் இருந்தது ஒன்றிரண்டு ஏக்கர் களர்தான்.

அதே 1983இல்தான் அன்றைய ஆந்திரத்தில் என்.டி.ராமாராவ் கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பசித்த வயிற்றுக்கு அது பெரிய உதவி. ஆனால் சோளமும் தினையும் கம்பும் விளைந்த காடுகள் தரிசாகின. விளைவித்தாலும் வாங்க ஆளில்லை. அரிசி எங்கோ ஒரு டெல்டாவிலிருந்து லாரியில் வந்தது. இவர்கள் மண்ணுக்கும் இவர்கள் தட்டுக்கும் இருந்த உறவு அறுந்துபோனது.

1990களின் நடுவில் அந்தப் பெண்கள் ஒரு மாற்று ரேஷனை உருவாக்கினார்கள். ஊரில் தரிசாகக் கிடந்த சிறு நிலங்களை அடையாளம் கண்டார்கள். உழவுக்கும் எருவுக்கும் விதைக்கும் கடன் கொடுத்தார்கள். கடனைப் பணமாகக் கேட்கவில்லை. தானியமாகக் கேட்டார்கள். வந்த சோளத்தை ஊரிலேயே குதிர் கட்டிச் சேமித்தார்கள். மழைக்காலத்தில் வேலையும் தானியமும் இல்லாத மாதங்களில், ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். யார் ஏழை என்பதை எந்த அலுவலகத்துச் சான்றிதழும் முடிவு செய்யவில்லை. ஊர் கூடி, தரையில் வண்ணப்பொடியால் ஊரை வரைந்து, வீடு வீடாகப் பேசி முடிவு செய்தார்கள். நிலத்துக்காரர், தானியக் களஞ்சியம், வாங்குபவர் மூன்றும் ஒரே ஊருக்குள். மண்டிக்காரர் இல்லை.

அதோடு நிற்கவில்லை. ஜஹீராபாத் நகரில் கடை வைத்தார்கள். ஹைதராபாத்துக்கு வண்டியில் தானியம் கொண்டுபோய் விற்றார்கள். 'கஃபே எத்னிக்' என்ற பெயரில் ஓர் உணவகமும் திறந்தார்கள். சோள ரொட்டி, தினைச் சோறு என்று சிறுதானியச் சமையல்தான் அங்கே. இந்தப் பயிர் ரசாயனம் இல்லாமல் விளைந்தது என்பதற்கு வெளியிலிருந்து ஆய்வாளரை அழைத்துச் சான்றிதழ் வாங்கப் பணம் ஏது? ஒருவர் காட்டை மற்றவர் போய்ப் பார்த்துச் சாட்சி சொல்லும் முறையை வைத்துக்கொண்டார்கள். 2008இல் சங்கம் வானொலி வந்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத தலித் பெண்கள் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து விதை பற்றியும் சமையல் பற்றியும் தெலுங்கில் பேசினார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது 2019இல் அவர்களைத் தேடி வந்தது.

என்னைக் கவர்ந்தது விருது அல்ல. விதை வேண்டும் என்று பெரிய நிலத்துக்காரர்களும் அந்தப் பெண்களின் வாசலுக்கு வருகிறார்கள் என்ற செய்திதான். எந்தக் கை பட்டால் பொருள் தீட்டு என்றார்களோ, அந்தக் கையிலிருந்து விதை வாங்கித் தன் காட்டில் போட வேண்டிய நிலை. பெயரை மறைத்து விற்றிருந்தால் இது நடந்திருக்குமா? அம்பாரத்தில் கொட்டியிருந்தால் நடந்திருக்குமா?

இங்கே ஒரு பெருமூச்சு. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடினார்கள். என் ஆயா குடித்த கேழ்வரகுக் கூழ் நட்சத்திர ஓட்டலில் 'மில்லட்' ஆகி மேசைக்கு வந்தது. 'கூழ் குடிக்கிற சாதி' என்று ஏசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். விலை ஏறியது. விளைவித்தவரின் பெயர் மட்டும் பொட்டலத்தில் இல்லை.

அடுப்படிக்குத் தேவை என்ன?

உறவு என்றால் புன்னகை மட்டுமல்ல, கணக்கு. அந்தச் சரக்கு மாஸ்டர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "காய் அருமையா இருந்தாப் பத்தாது அக்கா. திங்க வர்றவன் தினம் வர்றான். நீங்க ஒரு நாள் வந்துட்டு மூணு நாள் வரலன்னா நான் யாருகிட்ட போவேன்?" எங்கள் கத்தரியோ நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு. ஓட்டலுக்குத் தினமும் காய் வேண்டும், காலை ஏழு மணிக்குள் வேண்டும், ஒரே அளவில் வேண்டும். ஒருவரால் ஆகாது. அண்ணி தெருவில் இன்னும் மூன்று பெண்களைச் சேர்த்தார். ஒருவர் வெண்டை, ஒருவர் கொத்தவரை, ஒருவர் முளைக்கீரை. பறிப்பு நாளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் நாள் மண்டியில் கத்தரி கிலோ 18 ரூபாய்க்குப் போனது. கமிஷன், கூலி, வண்டி வாடகை போகக் கையில் 14 தேறியிருக்கும். அதே ஓட்டலுக்குக் கடைக்காரர் 32க்குப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி 25 கேட்டார், 24க்கு முடிந்தது. ஆனால் மண்டியில் அன்றே காசு. ஓட்டலில் வாரக்கணக்கு. கூலிக்கு ஆள் வைத்துப் பறிப்பவருக்கு ஒரு வாரம் காத்திருப்பது எளிதல்ல. மகளிர் குழுச் சேமிப்பிலிருந்து சிறு தொகையைச் சுழற்றிவிட்டுச் சமாளிக்கிறார்கள்.

காய்கறிக் கடைக்காரரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஓட்டலுக்கு வெங்காயம், உருளை, கேரட் என்று நம் மண்ணில் விளையாத எல்லாவற்றையும் கடனுக்குப் போடுபவர் அவர்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே சிறு கடை வைத்திருக்கும் ஒருவர், எங்கள் தெருப் பெண்களின் கீரையைப் பத்து வருடத்துக்கு மேலாக வாங்குகிறார். 'காலனிக் கீரைதாம்மா, கட்டு பெருசா இருக்கும், வாங்கிட்டுப் போங்க' என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்கிறார். யாரும் கீரையைத் தூக்கி எறிந்ததாக நான் பார்க்கவில்லை. முகம் சுளித்து அடுத்த கடைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் அதற்காகச் சொல்வதை நிறுத்தவில்லை. இன்ன சாதிக்காரர் என்று அவரைப் பற்றி எழுதினால் அவருக்குத் தொல்லை. விட்டுவிடுகிறேன்.

அரசின் அடுப்படிகளை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. எந்த ஓட்டலையும்விடப் பெரிய சமையல்காரர் அரசுதான். 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு, ஆதிதிராவிடர் நல விடுதிகள், அங்கன்வாடிகள். சத்துணவுக்கு அரிசியும் பருப்பும் அரசுக் கிடங்கிலிருந்து வருகின்றன. காய்கறி மட்டும் உள்ளூரில் வாங்குவது. அதை எங்கே வாங்குகிறார்கள்? பள்ளியிலிருந்து ஐந்நூறு அடியில் வெண்டை விளைய, அமைப்பாளர் டவுனில் வாடல் காய் வாங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். விடுதி மாணவர்களுக்கான உணவுப்படியைப் பள்ளி மாணவருக்கு மாதம் 1,400, கல்லூரி மாணவருக்கு 1,500 ரூபாய் என 2023இல் அரசு உயர்த்தியது. நம் பிள்ளைகளின் பெயரால் செலவாகும் அந்தப் பணத்தில் ஒரு பங்காவது நம் பெண்களின் காய்க்கு வரக் கூடாதா? கிராம சபையில் கேட்டுப் பாருங்கள். மாணவர்களே, விடுதிக் காப்பாளரிடம் நீங்களும் கேட்கலாம்.

அங்கேயும் அதே சுவர் இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. 2018 ஜூலையில் அவினாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது தடுத்தவர்களைக் கேட்பதல்ல, அவரை இடம் மாற்றியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமை வழக்கும் பதிவானது. அந்த அம்மா பெயரை மறைக்காமல் அடுப்படிக்குத் திரும்பிப் போனார். சரக்கு மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். "அவங்களுக்கு அரசாங்க வேல அக்கா. எனக்கு?" என்று கரண்டியைக் கழுவப் போய்விட்டார். அவரிடம் மேலே எதுவும் பேச எனக்கு வாய் வரவில்லை.

சித்திரை பிறந்து இரண்டாம் வாரம். கணக்கு பெருகிவிட்டது, துண்டுச் சீட்டில் எழுதினால் தொலைந்துபோகிறது என்று முதலாளி ஒரு நோட்டுப் போட்டார். அண்ணியைக் கல்லாவுக்கே கூப்பிட்டார். நான் வண்டியோடு வெளியே நின்றேன், கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் தெரிந்தது. கதவு திறந்தே இருந்ததால் பேச்சும் கேட்டது.

"பேரு என்னம்மா போடட்டும்?"

அண்ணி பெயரைச் சொன்னார்.

"ஊரு தெரியும். எந்தப் பக்கம்?"

மாஸ்டர் சமையலறை வாசலில் வந்து நின்றதைப் பார்த்தேன். அண்ணி ஒரு நொடி அவர் பக்கம் திரும்பினார்.

"காலனிங்க."

முதலாளியின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அண்ணிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை வெண்டையை இறக்கினோம், எடை போட்டு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மறுநாள் கொத்தவரை. சனிக்கிழமை கணக்குத் தீர்க்க வரச் சொல்லியிருக்கிறார். அண்ணியோடு நானும் போகிறேன்.